ஸ்பெயின் கொர்ரிதா: வாளுக்கு முன்னால் நடப்பது

கேள்வி இது: "ஸ்பெயினில் அரங்கத்தில் வைத்துக் காளையைக் கொல்கிறார்களே, அது கலையா, கொடுமையா? கொல்வதை மட்டும் தடைசெய்துவிட்டு மற்றதை நடத்த முடியாதா? நம் ஜல்லிக்கட்டும் அதுவும் ஒன்றுதானா?"

மூன்றில் நடுக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் தெளிந்துவிடும். படங்களில் எப்போதும் சிவப்புத் துணியும் வாளும்தான் வருகின்றன. அதனால் வாளை எடுத்துவிட்டால் கொடுமை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். காளையின் உடம்பைக் குலைக்கும் வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே, குதிரைமேல் இருப்பவரின் ஈட்டியால் நடந்து முடிந்திருக்கும். அந்த ஈட்டி இல்லாமல், இன்று எல்லோரும் வியக்கும் அந்தத் துணி ஆட்டம் நடக்கவே நடக்காது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தக் காளைச் சண்டைக்குத்தான் கொர்ரிதா என்று பெயர். வழக்கமான ஒன்றில், துணியோடு ஆடி வாளால் கொல்லும் மத்தடோர்கள் மூன்று பேர், ஆறு காளைகள். ஒரு காளைக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். மத்தடோராகப் பட்டம் ஏற்ற தேதியில் மூத்தவருக்கு 1-ஆவதும் 4-ஆவதும், அடுத்தவருக்கு 2, 5, இளையவருக்கு 3, 6. எந்தக் காளை யாருக்கு என்பது அன்று நண்பகலில் சீட்டுக் குலுக்கி முடிவாகும். காளைக்கு நான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு ஆகியிருக்கக் கூடாது. முதல்தர அரங்கங்களில் எடை 460 கிலோவுக்குக் குறையக் கூடாது. மாட்ரிட்டின் லாஸ் வெந்தாஸ் அரங்கத்தில் 500 முதல் 600 கிலோ வரை சாதாரணம்.

இந்தக் காளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அவை அரங்குக்கு வரும்வரை துணியையே பார்த்திருக்கக் கூடாது என்பது. தரையில் நிற்கும் மனிதனும் அவன் கையிலுள்ள துணியும் வேறுவேறு என்று காளை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்ட காளை துணியை விட்டுவிட்டு ஆளைத் தேடும். அதனால் பண்ணைகளில் வீரச் சோதனையைப் பெரும்பாலும் பசுக்களுக்குத்தான் வைக்கிறார்கள். இரண்டு வயதுக் கிடாரியைச் சிறு வளாகத்தில் விட்டு, குதிரைமேல் இருப்பவர் சிறிய ஈட்டியால் குத்த, வலித்த பிறகும் எத்தனை முறை திரும்பி வந்து முட்டுகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து பாய்கிறது என்று உரிமையாளர் குறித்துக்கொள்வார். தேறியது இனவிருத்திக்கு. தேறாதது கறிக்கு. வீரம் தாய் வழியில் வருகிறது என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை.

சிவப்பு நிறத்தைக் கண்டு காளை வெறிகொள்கிறது என்பது தவறு. மாட்டுக்கு நம்மைப் போலச் சிவப்பு தெரியாது. அசைவைத்தான் அது துரத்துகிறது. முதலில் வீசும் பெரிய துணியே இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத்தான் இருக்கும்.

அரங்கத் தலைவர் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தால் கதவு திறக்கும். காளை வந்ததும் உதவியாளர்களும் மத்தடோரும் பெரிய துணியால் ஓடவிட்டு, எந்தக் கொம்பால் குத்துகிறது, தலையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு ஈட்டிக் கட்டம்.

குதிரைமேலிருந்து ஈட்டியால் குத்துபவர் பிக்கடோர். அவருடைய குதிரை 500 முதல் 650 கிலோ வரை இருக்கும். காளை வரும் பக்கமான வலது கண்ணைக் கட்டியிருப்பார்கள். வயிற்றையும் விலாவையும் கனமான மெத்தைக் கவசம் மூடியிருக்கும். அரங்கத்து மணலில் வேலியிலிருந்து 7 மீட்டரிலும் 10 மீட்டரிலும் இரண்டு வட்டக் கோடுகள்: குதிரை முதல் கோட்டைத் தாண்டக் கூடாது, காளையை இரண்டாவதற்கு அப்பால் நிறுத்த வேண்டும். நீளமான கம்பின் நுனியில் மூன்று பட்டைகொண்ட எஃகு முனை. விளிம்பு 29 மில்லிமீட்டர். அதற்கு மேலே கயிறு சுற்றிய 60 மில்லிமீட்டர் நீளத் தடிப்பு, அதற்கும் மேலே ஆழம் போகாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி.

குத்த வேண்டிய இடம், தலைக்குப் பின்னால் கழுத்தின்மேல் புடைத்திருக்கும் தசை. நம் நாட்டுக் காளையின் திமில் தோள்மேல் இருக்கும். இதுவோ கழுத்துத் தசை, கோபத்தில் விம்மி எழும். தலையைத் தூக்கிக் குத்தும் வலு அங்கேதான் இருக்கிறது. அந்தத் தசையை வெட்டிச் சோர்வாக்கினால் தலை தாழும். தலை தாழ்ந்தால்தான் பின்னால் வரும் ஆட்டத்தில் காளை தரையோடு துணியைத் தொடரும். கடைசியில் வாளோடு கொம்புகளுக்கு மேலே சாய்ந்து போகவும் வழி கிடைக்கும். அதாவது ஈட்டிக்குத்து சடங்குக்காகப் போடும் ஒரு கோடு இல்லை. முழு நிகழ்ச்சியும் அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

என்ன தவறாகப் போகும்? இங்கேதான் மிக அதிகம். முதலாவது, குத்து பின்னால் விழுவது. கழுத்துத் தசைக்குப் பதிலாகத் தோளுக்குப் பின்னால் முதுகில் இறங்கினால் அங்கே தடித்த தசை இல்லை. முள்ளெலும்பு நுனிகளும் விலா எலும்பும் சிதையும், காளை முன்னங்கால் மடங்கி விழத் தொடங்கும். இரண்டாவது, முனையை வெளியே எடுக்காமலே மேலும் கீழும் அழுத்துவது. தோலில் ஓர் ஓட்டைதான் தெரியும், உள்ளே பல திசையில் கிழிந்திருக்கும். மூன்றாவது, குதிரையைக் காளையைச் சுற்றித் திருப்பி, அது விலகிப் போகும் வழியை மறைத்துக்கொண்டே குத்துவது. இதைப் பார்த்ததும் கொர்ரிதா ரசிகர்களே எழுந்து நின்று சீழ்க்கையடிப்பார்கள். முதல்தர அரங்கங்களில் குறைந்தது இரண்டு குத்து கட்டாயம்.

1928-க்கு முன்பு குதிரைக்குக் கவசம் கிடையாது. கொம்பில் வயிறு கிழிந்து குடல் சரிய, ஒரே மாலையில் பல குதிரைகள் மணலில் கிடக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் கவசத்தைக் கட்டாயமாக்கினார்கள். குதிரைக்கு அது பெரிய நன்மை. ஆனால் கவசத்துக்குள் பத்திரமாக இருக்கும் குதிரைமேல் உட்கார்ந்து பிக்கடோரால் அவசரமில்லாமல், நீண்ட நேரம், முழு எடையையும் போட்டு அழுத்த முடிந்தது. குதிரையின் பாடு குறைந்து காளையின் பாடு கூடியது. இந்த விளையாட்டின் சீர்திருத்தங்களைப் பேசுபவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய மாற்றம் இது.

அடுத்தது பந்தெரியா: 70 சென்டிமீட்டர் குச்சி, வண்ணத்தாள் சுற்றி, நுனியில் தூண்டில் முள்போன்ற கொக்கி. வழக்கமாக மூன்று ஜோடி. தைத்தால் கழன்று விழாது. காளை அசைய அசையப் புண்ணில் ஆடும். பார்க்க அழகான கட்டம், சந்தேகமில்லை. ஆள் துணி எதுவும் இல்லாமல், குச்சிகளோடு மட்டும் கொம்புக்கு எதிரே ஓடுகிறார்.

மூன்றாவது கட்டத்தில் மத்தடோர் தனியாக, குச்சியில் மடித்த முலேத்தா என்ற சிறிய சிவப்புத் துணியோடு நிற்கிறார். காளையின் வேகத்துக்குச் சரியாகத் துணியை நகர்த்துவதுதான் வித்தை: வேகமாக இழுத்தால் காளை நின்று ஆளைப் பார்க்கும், மெதுவாக இழுத்தால் துணியில் கொம்பு மாட்டி, அதற்குத் தலையைத் தூக்கும் பழக்கம் வந்துவிடும். கொம்பு நுனிக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி. இடக்கையால் வீசும்போது வலக்கையில் இருக்கும் வாள் துணியை விரித்துக் கொடுக்காது, துணி சிறியதாகவும் ஆபத்து அதிகமாகவும் இருக்கும். அதனால்தான் அந்த வீச்சுக்கு மதிப்பு. மத்தடோர் ஹுவான் பெல்மோந்தே 1910-களில் விலகி ஓடாமல் ஒரே இடத்தில் நின்று காளையைத் தன்னைச் சுற்றி வரவைத்த பிறகுதான் இது இன்றைய வடிவத்துக்கு வந்தது. இதை அழகில்லை என்று மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடிகாரமும் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் முதல் எச்சரிக்கை எக்காளம், மேலும் மூன்று நிமிடத்தில் இரண்டாவது, இன்னும் இரண்டு நிமிடத்தில் மூன்றாவது. மூன்றாவதும் ஒலித்தால் காளை உயிரோடு பட்டிக்குத் திரும்பும். மத்தடோருக்கு அதைவிட அவமானம் இல்லை. காளைக்கு அதனால் பிழைப்பும் இல்லை, உள்ளே கொன்றுவிடுவார்கள்.

கொல்லும் முறை இது. காளையின் முன்னங்கால்கள் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும்; அப்போதுதான் தோள் எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். மத்தடோர் இடக்கையில் துணியைத் தாழ்த்தித் தன் வலது பக்கமாகக் கொண்டுபோய்க் காளையின் தலையைத் திருப்பியபடியே, வலக்கையில் அதிகபட்சம் 88 சென்டிமீட்டர் நீள வாளோடு கொம்புகளுக்கு மேலே போகிறார். அந்த ஒரு விநாடி அவருக்குக் கொம்பு தெரியாது. 1947 ஆகஸ்ட் 28 அன்று லினாரெஸ் ஊரில் மத்தடோர் மானொலேத்தே, மியூரா பண்ணையின் இஸ்லேரோ என்ற காளையிடம் தொடையில் குத்துப்பட்டு மறுநாள் இறந்தது இந்த விநாடியில்தான்.

வாள் சரியாக இறங்கினால் பெரிய இரத்தக் குழாய் அறுந்து காளை ஒரு நிமிடத்துக்குள் சரியும். சரியாக இறங்காதது நிறைய. எலும்பில் பட்டுத் தெறித்தால் மறுபடியும் மறுபடியும் குத்துவார்கள். தாழ்வாகவோ பக்கவாட்டிலோ போனால் நுரையீரல் கிழிந்து, வாயாலும் மூக்காலும் இரத்தம் கக்கியபடி காளை வேலியோரம் நிற்கும். பாதி வாள் மட்டும் இறங்கினால் உதவியாளர்கள் இரண்டு பக்கமும் துணியை ஆட்டி அதன் கழுத்தைத் திரும்பத் திரும்பத் திருப்புவார்கள், உள்ளே இருக்கும் அலகு மேலும் வெட்டட்டும் என்று. அப்படியும் விழாவிட்டால் குறுக்குக் கம்பி பொருத்திய வேறு வாளால் பிடரி எலும்புக்குக் கீழே தண்டுவடத்தைத் துண்டிக்க வேண்டும். விழுந்த பிறகு குறுங்கத்தியால் அதே இடத்தில் கடைசிக் குத்து. தண்டுவடம் அறுந்தால் உடம்பு அசையாது. ஆனால் மூளை அந்த நொடியிலேயே அணைந்துவிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு 1099-ஆம் எண் ஒழுங்குவிதி, விலங்கைக் கொல்வதற்கு முன் மயக்கமுறச் செய்ய வேண்டும் என்கிறது. பண்பாட்டு, விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு அதே விதி விலக்கும் தருகிறது. கசாப்புக்கூடத்தில் குற்றமாவது அரங்கத்தில் சட்டப்படி நடப்பது இப்படித்தான்.

ஆதரிப்பவர்கள் சொல்வதில் வலுவானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கறிக்கு வளர்க்கும் கன்று ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதில் கொட்டகையிலிருந்தே கசாப்புக்குப் போகிறது. போர்க்காளையோ கருவாலி மரங்கள் நிற்கும் பரந்த மேய்ச்சல் நிலத்தில் நான்கைந்து வருடம் திரிகிறது. இது உண்மை. தட்டில் மலிவுக் கறியை வைத்துக்கொண்டு கொர்ரிதாவை மட்டும் ஏசுபவர் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நான்கு வருட நல்வாழ்வு கடைசி இருபது நிமிடத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அந்த வாழ்வைக் கொடுத்துவிட்டு மயக்கிக் கொல்லவும் முடியும்.

கொர்ரிதா நின்றால் இந்த இனம் சுருங்கிவிடும் என்கிறார்கள். அதுவும் சரிதான், வாங்க ஆளில்லாத மந்தையைப் பண்ணைக்காரர் எத்தனை காலம் தீனி போட்டு வைத்திருப்பார்? மேய்ச்சல் நிலமும் அழியும் என்பதை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. அதே நிலத்தில் ஐபீரியப் பன்றியும் ஆடும் சாதாரண மாடும் மேய்கின்றன.

காளைக்கு வலிப்பதில்லை என்ற வாதமும் உண்டு. மாட்ரிட் கம்ப்ளூடென்சே பல்கலைக்கழகத்தின் ஹுவான் கார்லோஸ் இயெரா, சண்டையில் காளையின் உடம்பு பீட்டா எண்டார்பினை ஏராளமாகச் சுரந்து வலியை அடக்குகிறது என்றார். மற்ற கால்நடை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. எண்டார்பின் அதிகம் என்றால் அடக்க வேண்டிய வலியும் அதிகம் என்பதற்கே அது சான்று. மாதிரியும் தண்டுவடம் அறுந்து இறந்த விலங்கிலிருந்து எடுத்தது. எனக்கும் மறுப்பவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

மனிதனும் உயிரைப் பணயம் வைக்கிறான் என்பது வெறும் பேச்சு இல்லை. லாஸ் வெந்தாஸ் வாசலில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்குக்குச் சிலை இருக்கிறது. கொம்புக் காயம் அழுகிச் செத்தவர்களின் தொழில் அது. 2016-இல் ஸ்பெயினின் தெருவேல் நகரில் விக்தோர் பாரியோ, 2017-இல் பிரான்சில் இவான் பந்தீன்யோ என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இருவர் குத்துப்பட்டு இறந்தார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் சம்மதித்து இறங்கியவர்கள். மாலை முடிவில் ஆறு காளையும் சாவது ஏறக்குறைய நிச்சயம். மிகச் சிறந்த காளைக்கு மட்டும், ஆரஞ்சுக் கைக்குட்டை காட்டி உயிர்ப்பிச்சை தருவார்கள். அப்போதும் ஈட்டிக் காயமும் கொக்கிகளும் உடம்பில்தான் இருக்கும். மருந்து போட்டும் பிழைக்காத காளைகள் உண்டு.

இந்த எதிர்ப்பு இன்றைய நகரத்து இளைஞர்கள் கிளப்பியதும் இல்லை. 1567-லேயே ஐந்தாம் பயஸ் போப்பாண்டவர் இதை நடத்துபவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்குவேன் என்று ஆணையிட்டார். அவர் கவலை மனித ஆன்மாவைப் பற்றியது. 1805-இல் நான்காம் கார்லோஸ் அரசரும் தடைவிதித்தார். இரண்டுமே நிலைக்கவில்லை.

இனி, கொல்வதை மட்டும் நீக்கிப் பார்த்த இடங்கள். போர்ச்சுக்கலில் அரங்கத்தில் கொல்வது 1928 முதல் சட்டவிரோதம். 2002-இல் பாராங்கோஸ் ஊருக்கு மட்டும் விலக்கு. கொம்புக்குத் தோல் உறை போட்டு, குதிரைமேலிருந்து கொக்கிகளைத் தைக்கிறார்கள். பிறகு எட்டுப் பேர் வெறுங்கையால் காளையை மடக்குகிறார்கள். மணி கட்டிய எருதுகளோடு காளை வெளியே போகும், கைதட்டலும் எழும். பிறகு கொக்கிகளை அறுத்தெடுத்து, பெரும்பாலும் கசாப்புக்குத்தான் அனுப்புகிறார்கள். கூடம் திறக்கும்வரை பல காளைகள் புண்ணோடு காத்துக் கிடக்கின்றன. சாவு பார்வையாளர் கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே. காளையின் கணக்கில் இது இலாபமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகள் 2017-இல் ஆயுதமே இல்லாமல், ஒரு காளைக்குப் பத்து நிமிடம் என்று சட்டம் போட்டன. அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது. பார்சலோனா இருக்கும் கத்தலூன்யா மாநிலம் 2010-இல் கொர்ரிதாவுக்குப் போட்ட தடைக்கும் 2016-இல் அதே கதி. 2013-இல் மத்திய அரசு கொர்ரிதாவைப் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்துவிட்டதால் மாநிலங்கள் தடுக்க முடியாது என்பது காரணம். ஆனாலும் பார்சலோனாவின் பெரிய அரங்கத்தில் 2011 செப்டம்பர் 25-க்குப் பிறகு கொர்ரிதா திரும்பவில்லை. அதே கத்தலூன்யா, கொம்பில் தீப்பந்தம் கட்டிக் காளையைத் தெருவில் ஓடவிடும் தன் சொந்த வழக்கத்தை அதே 2010-இல் சட்டம் போட்டுக் காத்துக்கொண்டது. அந்தத் தடையில் விலங்கின்மேல் இருந்த அக்கறை எவ்வளவு, மாட்ரிட்டின்மேல் இருந்த கோபம் எவ்வளவு என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

மெக்சிகோ நகரம் 2025 மார்ச்சில் ஈட்டி, கொக்கி, வாள் மூன்றையும் விலக்கி, காளை பண்ணைக்குத் திரும்ப வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. இதுதான் நேர்மையான முயற்சி. மேலே சொன்ன சிக்கல் இங்கே வெளிப்படும்: குத்தாத காளை தலையைத் தாழ்த்தாது, நெருங்கிய துணி வீச்சுகளுக்கு இடம் தராது. ஒரு முறை அரங்கில் இறங்கியதிலேயே பாடம் கற்றுவிடுவதால் அதை மறுபடி இறக்கவும் முடியாது. ஆகவே வருவது வலியில்லாத கொர்ரிதாவாக இருக்காது, வேறொரு விளையாட்டாக இருக்கும். மெக்சிகோவின் கொர்ரிதாக்காரர்கள் அதை எதிர்ப்பதும் இதனால்தான். தொழில்நுட்பமாக அவர்கள் சொல்வது சரி. எனக்கு அதிலிருந்து கிடைக்கும் முடிவு வேறு: அந்த அழகை அந்த ஈட்டியிலிருந்து பிரிக்க முடியாது என்றால், அந்த அழகை விட்டுவிட வேண்டியதுதான். கொலம்பியா 2024-இல் அந்த முடிவுக்கே வந்தது. மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து, 2027 முதல் முழுத் தடை. ஸ்பெயினில் சட்டத்தைவிடக் கூட்டம்தான் வேகமாகக் கலைகிறது. பண்பாட்டு அமைச்சகக் கணக்கில் 2007-இல் 3,651 நிகழ்ச்சிகள், 2019-இல் 1,425.

வேறொரு விளையாட்டு சாத்தியம் என்பதற்குத் தென்பிரான்சின் கமார்க் பகுதி சாட்சி. அங்கே வெள்ளை உடை அணிந்தவர்கள், காளையின் கொம்பில் கட்டிய குஞ்சத்தையும் நூலையும் சிறு கொக்கிக் கருவியால் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். காளைக்குக் கால் மணி நேரம். சுவரொட்டியில் காளையின் பெயர்தான் பெரிதாக இருக்கும். அது கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அதன் மதிப்பு ஏறும். ஆண்டுக்கணக்கில் திரும்ப வந்து ஆடும்.

ஜல்லிக்கட்டு நிற்பது இந்தப் பக்கத்தில். ஒரு காளை பல வாடிவாசல் பார்க்கும், பிடிபடாத காளைக்கே பெயர், ஆயுதம் கிடையாது, சாவு நோக்கம் இல்லை. அதனால் கொர்ரிதாவோடு ஒன்றாக்குவது தவறு. அதற்காக இங்கே கொடுமையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாலை முறுக்குவது, கடிப்பது, கண்ணில் மிளகாய்ப் பொடி போன்றவற்றைக் காட்டித்தான் 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது. 2017 திருத்தச் சட்டமும், திமிலை மட்டும் பிடிக்கலாம், வாலையும் கொம்பையும் காலையும் பிடிக்கக் கூடாது என்ற விதிகளும் வந்ததால் அந்தக் குறைகள் நீங்கின என்று ஏற்றுத்தான் 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அனுமதித்தது. எனவே வாடிவாசலுக்குப் பின்னால், கேமரா எட்டாத இடத்தில், காளையை வெளியே விரட்ட வாலைக் கடிக்கிறவர் ஒரு மாட்டைத் துன்புறுத்துவதோடு நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறதோ அதையே அசைக்கிறார்.